தம்பிமுத்துவின் பெயரில் கொடுத்த இரத்தம்

இப்பத்தைய சனம் முகத்தைப் பார்க்கிறதில்லை. கடையில் காசு வாங்குகிறவளும் பார்க்கிறதில்லை, பஸ் ஓட்டுகிறவனும் பார்க்கிறதில்லை. கிளினிக்கில் போய் இருந்தால் இருபது பேர் இருபது போனுக்குள் குனிந்து கிடப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவள் ஓட்டைக்குள்ளால் கையை மட்டும் நீட்டுவாள். மருத்துவ அட்டையை, அதுதான் காட்டை, வைத்தால் போதும். கொண்டுவந்தது ஆளா ஆடா என்று அவளுக்குத் தேவையில்லை.

குறை சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் இரண்டு தரம் இன்னொருத்தனாகப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு நீ யார் என்ற கேள்வி இல்லாமல் வீட்டுக்கு வந்தேன் என்றால், அது இந்தப் பழக்கத்தால்தான்.

நான் நீக்கிலாப்பிள்ளை. மட்டக்களப்பு. வயது எழுபத்தெட்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. மொன்றியலுக்கு வந்து முப்பத்தாறு வருசம். அதில் இருபத்தெட்டு வருசம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிடங்கில் பெட்டி இறக்கினேன். மனிசி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் றூபன் ரொறன்ரோவில். கிழமைக்கு ஒருக்கா போன் எடுப்பான், எடுத்ததும் வைக்கிற அவசரத்தில் நிற்பான்.

தம்பிமுத்துவும் மட்டக்களப்புத்தான், கல்லடிக்காரன். அதே கிடங்கு, அதே ஷிப்ட், என்னைவிட ஒரு வயது மூப்பு. அவனுக்கு நெஞ்சுக்குள் ஒரு வால்வு பழுது. இரண்டு வருசமாக ஒப்பரேசனுக்கு வரிசையில் நின்று, ஒருவாறு மார்கழியில் செய்யலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருக்கா கிளினிக்கில் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு நெஞ்சு டொக்டர் முன்கூட்டியே துண்டுகள் எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாசியில் கல்லடியில் அவனுடைய அக்கா விழுந்து படுக்கையாகிவிட்டா. கலியாணம் கட்டாத மனிசி, பார்க்க வேறு ஆள் இல்லை. தம்பிமுத்து பங்குனியில் போய் ஐப்பசியில் திரும்புவதாக முடிவெடுத்தான். அங்கேதான் சிக்கல். வருசத்தில் நூற்றியெண்பத்து மூன்று நாள் கியூபெக் மாகாணத்துக்கு வெளியே நின்றால் மருத்துவக் காட்டை வெட்டிவிடுவார்கள். காட் இல்லாவிட்டால் வால்வும் இல்லை.

"சொல்லாமப் போனா அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"காட் அடிபடாமக் கிடந்தா கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்திடுமாம். சண்முகலிங்கம் கோயில்ல வெச்சுச் சொன்னவன்."

சண்முகலிங்கம் டொலார்ட் முருகன் கோயில் கார்ப் பார்க்கில் நின்று உலகத்துக்கே சட்டம் சொல்லுகிறவன். அவன் சொன்னதில் பாதி பொய், மீதி வேறு யாரோ சொன்னது. ஆனால் தம்பிமுத்துவுக்கு அது வேதவாக்காகிவிட்டது. தன் காட்டையும் டொக்டரின் துண்டுகளையும் எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தான்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் ரெண்டு குழாய் ரத்தம் குடு, மச்சான். காட் உயிரோட இரிக்கும்."

எழுபத்தைந்து தாண்டினால் எங்களுக்கு வருகிற காட்டில் படம் இல்லை. கிழவன்களின் முகம் எதற்கு என்று நினைத்தார்கள் போல. அதனால்தான் அவனுக்கு இந்த யோசனையே வந்தது.

"உன்ட ரத்தமில்லையெண்டு டொக்டருக்குத் தெரியாதா?"

"ரத்தத்தில பேர் எழுதியா இரிக்கி? நீ என்னை விடத் திடமா இரிக்கிறாய். என்ட ரிப்போட் வடிவா வரும். மனிசன் சந்தோசப்படட்டும்."

தேத்தண்ணி கொண்டுவந்த அவன் பெண்சாதி யோகமலர் கோப்பையைத் தட்டென்று வைத்தா. "ரெண்டு கிழவன்களும் ஒண்டா மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுங்க. நான் சோறு கட்டிக்கொண்டு வர மாட்டன்."

வைகாசியில் முதல் தரம் போனேன். அவனுடைய பிறந்த திகதியை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். என்னுடைய பிறந்த திகதியே பங்குச் சுவாமி ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதுதான், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அப்படி இருக்க இன்னொருத்தனுடையதைச் சொல்லுவதில் எனக்கு ஒரு கூச்சமும் வரவில்லை. ஊசி குத்தினார்கள், பஞ்சு வைத்தார்கள், போ என்றார்கள். அதன் பிறகு ஒரு போனும் வரவில்லை. தம்பிமுத்துவுக்குச் சொன்னேன். "பாத்தியா," என்றான்.

ஆவணியில் இரண்டாம் தரம். ஊசி குத்துகிறவள் சட்டைக் கையை மேலே தள்ளினவுடன் நின்றுவிட்டாள். முழங்கைக்குக் கீழே ஒரு கன்றல், உள்ளங்கை அளவு, நாவல் பழ நிறத்தில். எங்கே அடிபட்டது என்று கேட்டாள் போல. எனக்கு அவளுடைய பிரெஞ்சு விளங்கவில்லை. "வுய்," என்றேன், ஓம் என்கிற மாதிரி. அவள் பேசாமல் குத்தினாள். பஞ்சை வைத்து அழுத்தியும் இரத்தம் நிற்காமல் கசிந்தது. இன்னொரு பஞ்சு வைத்தாள். கால் மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

அடுத்த நாள் காலையில் யோகமலரின் போன்.

"அண்ணன், கிளினிக்கில இருந்து இவருக்கு மூணு தரம் அடிச்சிட்டாங்க. எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல. சாருஜாவ வரச் சொல்லியிரிக்கன். நீங்களும் வாங்க."

சாருஜா அவர்களின் மகள். ஒரு கார்டெரியில் பிள்ளை பார்க்கிற வேலை, பிரெஞ்சு தண்ணீர் மாதிரிக் கதைப்பாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தாள். நாங்கள் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது. வந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தாள். கேட்டுக்கொண்டே போனாள், முகம் வெளிறிக்கொண்டே போனது. போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள்.

"அப்பாட ரத்தத்தில வெள்ளை அணு தாறுமாறா ஏறியிருக்காம். ரத்தத்தை உறைய வைக்கிற அணு இல்லையெண்ட மாதிரியாம். ரத்தப் புற்றுநோயா இருக்கலாமாம், இண்டைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டு வரட்டாம். அப்பா அங்க தனிய..."

அவ்வளவில் அழுகை நின்றது. கண்ணைத் துடைக்காமலே தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா கல்லடியில. நேத்து இஞ்ச எப்படி ரத்தம் குடுத்தவர்?"

யோகமலர் என்னைப் பார்த்தா. மறுகா சாருஜா என்னைப் பார்த்தாள். நான் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் பூட்டினேன்.

"மாமா, அது உங்கட ரத்தம்."

"காட் உன்ட அப்பாடது. போன் வந்தது உன்ட அப்பாக்கு. எனக்கு ஒண்டும் வரல்ல, புள்ள."

"உங்கட காட்ட எடுங்க. இப்பவே நான் கூட்டிக்கொண்டு போறன். வேற ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"எல்லா ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும் ஒண்டுக்குள்ள ஒண்டு எண்டு முந்திச் சொன்னது நீதானே. நான் என்ட பேரில போய், அதே மாதிரி ரத்தம் வந்தா, ரெண்டையும் பக்கத்தில வெச்சுப் பார்ப்பாங்க. உன்ட அப்பாட காட் போகும், வால்வும் போகும்."

"நீங்க செத்துப் போவீங்க, மாமா."

"வைகாசியில நல்லா இருந்த ரத்தம் ஆவணியில எப்படிப் பழுதாகும்? சோறா, புளிக்கிறதுக்கு?"

சாருஜா தகப்பனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தாள். தம்பிமுத்து படுக்கையில் கிடக்கிற அக்காவின் பக்கத்தில் நின்று கதைத்தான் போல, குரலைத் தாழ்த்திக்கொண்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"மச்சான், போ. போய்க் காட்டு," என்றான். பிறகு, "ஆனா என்ட பேர வாயில எடுத்திடாத," என்றான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய ஏலாது என்று அவனுக்கும் தெரியும். அதனால் நான் இரண்டாவதை மட்டும் செய்தேன்.

கிளினிக் விடவில்லை. அடுத்த நாளும் போன் எடுத்தார்கள். சாருஜா, அப்பா ரொறன்ரோ போய்விட்டார் என்று பொய் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் நான் யோகமலர் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளி இரும்புப் படியில் சப்பாத்துச் சத்தம். இரண்டு பேர். அந்தப் படியில் யார் ஏறினாலும் வீடே அதிரும். யோகமலர் சன்னல் சீலையை நீக்கிப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தா.

"பொலிஸ், அண்ணன்."

ஒரு ஆணும் ஒரு பெண்ணும். காட்டைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெண் பொலிஸ் கையில் வைத்திருந்த துண்டில் ஒரு பேர் எழுதியிருந்தது. அதைத் தட்டுத் தடுமாறி வாசித்தாள். யோகமலர் என்னைத் திரும்பிப் பார்த்தா. எழும்பிக் கை கழுவிவிட்டு வந்து வாசலில் நின்றேன்.

"வுய். தம்பிமுத்து," என்றேன்.

காட்டைக் கேட்டாள். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. பிறந்த திகதியைக் கேட்டாள். இங்கிலீசில் சொன்னேன், பிசகாமல். பிறகுதான் விளங்கியது, அவர்கள் காட்டுக்கு வரவில்லை. கிளினிக் அனுப்பியிருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க. அம்புலன்ஸ் கூப்பிடட்டா என்று அவள் நாலு தரம் கேட்டாள். நான் நாலு தரம் நோ என்றேன். போன பிறகும் திரும்பிவந்து ஒரு தரம் கேட்டாள். என் கழுத்தடியைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கன்றல் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பிறகு சின்னப் புத்தகத்தில் எழுதினாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.

யோகமலர் கதவைப் பூட்டிவிட்டு நின்றா.

"அண்ணன், ஆஸ்பத்திரி வேணாமெண்டு சொன்னது நீங்க. எழுதியிரிக்கிறது இவர்ட பேரில."

"அதுக்கென்ன?"

"மார்கழியில நெஞ்ச வெட்டப் போறவங்க அத வாசிக்க மாட்டாங்களா?"

இடியப்பம் பாதியில் கிடந்தது. அதைச் சாப்பிட மனம் வரவில்லை. பசியும் அப்படித்தான், கொஞ்ச நாளாகவே இல்லை.

புரட்டாதியில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை ஒன்று குத்தினேன். பல்லுத் தீட்டினால் பிரஷ் சிவக்கும். பிரஷ் சரியில்லை என்று மாற்றினேன். அதுவும் சிவந்தது. கடைக்குப் போய் வருகிற வழியில் முன்னே இல்லாத மாதிரி இரண்டு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. சாருஜா கிழமைக்கு இரண்டு தரம் வந்து கதவைத் தட்டுவாள். சூப் கொண்டு வருவாள், அதோடு அதே கதையையும் கொண்டு வருவாள். சூப்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவேன். றூபனுக்குச் சொல்லப் போகிறேன் என்று வெருட்டினாள். சொன்னால் உன் அப்பாவின் காட்டை அது கொடுத்த கந்தோரில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நானும் வெருட்டினேன். அவள் சொல்லவில்லை. எனக்கும் அப்படிச் செய்கிற நோக்கம் இல்லை. அது அவளுக்குத் தெரியாது.

புரட்டாதிக் கடைசியில் தம்பிமுத்துவின் அக்கா கண்ணை மூடிவிட்டா. முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடித்துக்கொண்டு ஐப்பசிக் கடைசியில் அவன் வந்து இறங்கினான். வந்த கையோடு, நான் யோகமலரிடம் கொடுத்து வைத்த காட்டோடு நெஞ்சு டொக்டரிடம் போனான். அங்கே திரும்ப இரத்தம் எடுத்தார்கள். சுத்தமாக வந்தது. டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணியில் சாகக் கிடந்த இரத்தம் ஐப்பசியில் எப்படிச் சுத்தமானது என்று திரும்பவும் எடுத்தார். அதுவும் சுத்தம். இதற்கு ஒரு முடிவு தெரியாமல் நெஞ்சைத் திறக்க மாட்டேன் என்று ஒப்பரேசனை நிறுத்திவைத்துவிட்டு, இரத்த டொக்டரிடம் அனுப்பினார்.

தம்பிமுத்து என் அறைக்கு வந்தான். படியேறின இளைப்பில் கொஞ்ச நேரம் கதைக்க முடியவில்லை. நான் கதவைத் திறக்கப் போன இளைப்பில் இருந்தேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

"நீ என்ன, பாதி ஆளாகிட்டாய்," என்றான்.

"நீ மட்டும் மாப்பிள்ளையா வந்திரிக்கிறாய்."

"வியாழக்கிழமை என்ட இடுப்பு எலும்பில துளை போட்டு உள்ளுக்க இரிக்கிற மச்சையை எடுக்கப் போறாங்களாம். உன்ட வருத்தத்துக்கு என்ட எலும்பு, மச்சான்."

"போடட்டும். ஒண்டுமில்லையெண்டு தெரிஞ்சா வால்வு செய்வாங்க. ரெண்டு தரம் சுத்தமா வந்தது தானே?"

"ஓம். சுத்தம்."

"அப்ப பாத்தியா. ஆவணியில மெசின் பிழை விட்டிரிக்கி. உனக்கே சுத்தமெண்டு வந்திட்டு."

"விசரா, சுத்தமா வந்தது என்ட ரத்தம். ஆவணியில குடுத்தது உன்ட."

"பேப்பரில எல்லாம் தம்பிமுத்துதானே."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை நீயும் வா. எனக்குத் துணையா," என்றான். சரி என்றேன். எலும்பில் துளை போடப் போகிறவனைத் தனியே அனுப்ப ஏலாது.

ஆஸ்பத்திரியில் ஆறாம் மாடி. சாருஜா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அறைக்குள் ஒரு கட்டில், கட்டிலின் மேல் வெள்ளைக் கடதாசி, பக்கத்தில் துணி மூடிய ஒரு தட்டு. துணிக்குக் கீழே என்ன என்று தெரியவில்லை. நீளமாக இருந்தது. இரத்த டொக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண், தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கட்டியிருந்தாள். தம்பிமுத்துவைக் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

அவன் படுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் இருந்தபடி மகளைப் பார்த்துச் சொன்னான்.

"ஆவணியில நான் கல்லடியில எண்டு சொல்லு. அந்த ரத்தம் என்டதில்லையெண்டு சொல்லு."

"அப்பா, காட்..."

"சொல்லு, புள்ள."

சாருஜா சொன்னாள். நான் சுவரோரக் கதிரையில் இருந்து டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். கத்துவாள், பொலிசைக் கூப்பிடுவாள், குறைந்தது காட்டைப் பறிப்பாள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ஆள் எங்கே எண்டு கேக்கிறா," என்றாள் சாருஜா.

தம்பிமுத்து என்னைக் காட்டினான். விரலால்கூட இல்லை, நாடியைத் தூக்கி.

டொக்டர் என் முன்னால் வந்து குந்தினாள். என் கையை எடுத்துப் பார்த்தாள். கண் மடலைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சாருஜா என் பக்கம் குனிந்து சொன்னாள்.

"இண்டைக்கே இஞ்ச நிக்க வேணுமாம், மாமா. வீட்டுக்குப் போக வேணாமாம். இப்ப வைத்தியம் தொடங்கினா வழி இருக்காம். நாளெண்டு தள்ளிப் போட வேணாமாம். உங்கட காட்ட மட்டும் குடுங்க."

ஒரு தாதி மூன்று குழாய்களும் வெறும் ஒட்டுத் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தாள். பேர் எழுதுவதற்காகப் பேனையைத் திறந்துகொண்டு நின்றாள்.

நான் யோசித்தேன். கள்ளனைப் பிடித்தவன் கள்ளனுக்குக் கதிரை கொடுப்பானா? காட்டைப் பற்றி இவள் ஏன் ஒரு சொல் கேட்கவில்லை? தம்பிமுத்து வாயால் சொன்னது வெறும் சொல். நாளைக்கு அவன் கிழவன், அறளை பெயர்ந்து உளறினான் என்று மாற்றலாம். ஆனால் என் பேர் எழுதிய குழாயில் அதே இரத்தம் ஏறினால் அது சாட்சி. அதற்குத்தான் இவ்வளவு அன்பு. இரத்தம் என் உடம்புக்குள் இருக்கும் வரைக்கும் அதை வைத்து ஒருத்தரும் ஒன்றும் எழுத ஏலாது.

எழும்பினேன். எழும்பும்போது கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஜாக்கெட்டைப் போட்டேன்.

"எங்க போறாய்?" என்றான் தம்பிமுத்து.

"வீட்ட."

லிப்ட் வரைக்கும் பின்னால் வந்தான். அவனால் விரைவாக நடக்க ஏலாது, என்னாலும் ஏலாது. அதனால் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம்.

"மச்சான், நான் காட்ட விட்டிட்டன். வால்வையும் விட்டிட்டன். உனக்காகத்தான் விட்டன்."

"உன்னை ஆர் கேட்டது?"

"நீ கேட்க மாட்டாயெண்டுதான்."

"அவங்க உன்னட்டச் சிரிச்சுக் கதைச்சு வாங்கிட்டாங்க. இனி உன்ட வீட்டுக்குக் கடிதம் வரும், அப்ப பார். என்னட்ட வாங்க ஏலா. ஒரு தரம் பழுது, ரெண்டு தரம் சுத்தம். கணக்குத் தெரியாதவனுக்கும் விளங்கும், எது பிழையெண்டு."

"அது ரெண்டு ஆள்ட ரத்தம்டா." அவனுடைய குரல் பெரிதாகவில்லை. களைத்துப்போன குரல்.

லிப்ட் கதவு திறந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றேன். சாருஜா நடையின் அந்த முனையில் இருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள், பின்னால் அந்தத் தாதி, கையில் இன்னும் பேனை. கதவு மூடிவிட்டது.

வெளியே கார்த்திகைக் குளிர். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பஸ் தரிப்பு இருநூறு அடி இருக்கும், இறக்கம்தான். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மேலே ஆறாம் மாடியில் எந்தச் சன்னல் என்று பார்க்கத் திரும்பவில்லை. போன் பைக்குள் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. பார்த்தேன், சாருஜா. பேந்து றூபன். அவனுக்கும் சொல்லிவிட்டாள்.

போனை எடுக்கவில்லை. ஒருத்தி கண் மடலை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்றால், குழாய் எதற்கு, மெசின் எதற்கு? அவளுக்கே நிச்சயமில்லை. நிச்சயமில்லாதவளை நம்பி நான் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, வேலிக் கம்பியில் அடுத்த பிடிக்குக் கையை மாற்றி நடந்தேன்.